பதினாலு பை முப்பத்தொண்ணு

ஏப்ரல் 21, திங்கள்

வேலையில் சேர்ந்தாயிற்று. சென்னையில் கண்ணாடிக் கட்டடத்தில் ஏசி போட்டுக்கொண்டு புரோகிராம் எழுதியவள், இன்று சிவகாசியில் ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சகத்தின் மாடியில், விற்காத காலண்டர் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். சென்னையில் முப்பது பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள், அதில் நானும் ஒருத்தி. டிசம்பரில் அங்கே ஒரு புரோகிராமில் நடந்த குளறுபடிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அந்தக் குளறுபடியும் என்னால் நடந்தது இல்லை. இதைக் கேட்டவர்கள், கேட்காதவர்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

முதலாளி பெயர் தங்கப்பழம். ஊரே அண்ணாச்சி என்கிறது, நானும் அப்படியே கூப்பிடுகிறேன். "மூணு மாசம் பாப்போம்மா ஈஸ்வரி. ஒத்து வந்தா இரு. வரலேன்னா மனசுல வச்சுக்கிடாத" என்றார்.

வேலை இதுதான். கல்யாண வீட்டுக்காரர்கள் கவர்மேல் அச்சடிக்க வேண்டிய பெயர்களை எல்லாம் வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள். சும்மா அனுப்புவதில்லை. பெயருக்கு முன்னால் நட்சத்திரம், பின்னால் நாலு புள்ளி, நடுவில் கோடு, ஆச்சரியக்குறி, அடைப்புக்குறி, போதாததற்குப் பூ படம் வேறு. அதை அப்படியே அச்சடித்தால் கவர் அலங்கோலமாகிவிடும். இத்தனை நாளும் பாக்கியம் அக்கா ஒற்றை விரலால் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு இருந்தாராம். இருபது வருஷமாக இங்கே கவர் ஒட்டுகிறவர்.

"இந்தக் கொசுவ எல்லாம் அடிச்சுக் குடுத்துரு தாயி. நீ நல்லா இருப்ப" என்றார்.

ஏப்ரல் 24, வியாழன்

கொசு மருந்து தயார் செய்தேன். "எழுத்து, எண், இடைவெளி, இந்த மூன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அழி" என்று ஒரே வரி. இங்கிலீஷுக்கு எத்தனையோ தடவை எழுதிய வரிதான். பெருமையாக ஓட்டிக் காட்டினேன்.

நான் எழுதிய கட்டளைக்கு நம்முடைய கொம்பும் காலும் புள்ளியும் எழுத்தே இல்லையாம். அத்தனையையும் கொசு என்று நினைத்து அடித்துவிட்டது. முத்து ஈஸ்வரி என்கிற நான் "மதத ஈஸவர" ஆனேன். அண்ணாச்சி "தஙகபபழம" ஆனார். வாய்விட்டுப் படித்தால் ஜலதோஷக்காரன் பேசுவது மாதிரி இருக்கிறது. அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இது மொழியைத் தெரியாமல் அந்தக் கட்டளையை வடிவமைத்தவர்களின் தப்பு, என் தப்பு இல்லை என்று அக்காவுக்கு விளக்கினேன். "யாரு உன்னச் சொன்னா?" என்றார்.

ஏப்ரல் 25, வெள்ளி

வழியை மாற்றினேன். எதை வைத்துக்கொள்வது என்று கேட்டால்தானே வம்பு? எதை அழிப்பது என்று பட்டியல் போட்டுவிட்டேன். புள்ளி, காற்புள்ளி, நட்சத்திரம், அடைப்புக்குறி, மேற்கோள், கோடு, சாய்கோடு என்று மொத்தம் முப்பத்திரண்டு. கூடவே பூ, கை, இதயப் படங்கள் எல்லாம். வாய்க்குள் பல் எத்தனையோ அத்தனை குறி. எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்திலேயே காலி.

அக்காவுக்கு இரண்டு நாள் எடுக்கிற பட்டியல், அவர் டீ குடித்து முடிப்பதற்குள் முடிந்துவிட்டது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார். "அப்ப எனக்கு என்ன வேலை?" என்றார். கவர் ஒட்ட எந்தப் புரோகிராமும் வராது என்று சத்தியம் செய்து கொடுத்தேன்.

மே 2, வெள்ளி

இன்று பதினொரு கல்யாணம். ஒரு கொசு தப்பவில்லை.

மே 7, புதன்

அமராவதி சிஸ்டர் வந்தார். விருதுநகர் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். ஒரே மகள் சுகந்திக்கு ஜூன் 8 கல்யாணம். பத்திரிகை அடித்து, விலாசம் ஒட்டி, தபாலிலும் நாங்களே போட வேண்டும் என்றார். மொத்தம் நூற்று எண்பத்தாறு வீடு.

எங்களுக்கு இது புதுசு. பத்திரிகையை வீடு வீடாகப் போய் நேரில் வைப்பதுதான் வழக்கம், அதனால் கவரில் பெயர் மட்டும் இருந்தால் போதும். இத்தனை விலாசம் இதுவரை வந்ததே இல்லை. அக்காவுக்கு வாய் சும்மா இருக்குமா?

"என்ன சிஸ்டர், சொந்தக்காரவுகளுக்கு எல்லாமா தபால்ல போடுதது? கோவிச்சுக்கிட மாட்டாகளா?"

"நேர்ல போனா வாசல்ல நிக்க விடுவாங்களான்னு தெரியலக்கா" என்றார் சிஸ்டர்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டிருந்த கணேசமூர்த்தியைத்தான் கட்டுவேன் என்று வீட்டை விட்டு வந்தவராம். அன்றைக்குப் பெரிய அண்ணன் அழகர்சாமி, இனி இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்காதே என்று சொல்லிவிட்டார். அண்ணன் சொன்னதால் மொத்தச் சொந்தமும் நின்றுபோனது. நல்லதுக்கும் போகவில்லை, கெட்டதுக்கும் போகவில்லை. கணேசமூர்த்தி இறந்து ஆறு வருஷம். அப்போதுகூட யாரும் வரவில்லை. இப்போது மகள் கல்யாணத்துக்கு எல்லாரையும் கூப்பிடப்போகிறார். ஆஸ்பத்திரிக்கு வருகிற ஊர்க்காரர்களிடம் மாத்திரையைக் கொடுத்துக்கொண்டே ஒவ்வொரு விலாசமாக, போன் நம்பராக விசாரித்துச் சேர்த்தாராம்.

பத்திரிகை வாசகத்தைப் பார்த்தேன். 'தங்கள் நல்வரவை நாடும்' என்பதற்குக் கீழே முதல் பெயர், தாய்மாமன் மேலக்குளம் அழகர்சாமி.

"அவரைக் கேட்டீங்களா?" என்றேன்.

"இல்ல."

"கேக்காம எப்படிப் போடுறது?"

"மாமன் பேர் இல்லாம எப்படிப் போடுறது?" என்றார்.

 மாப்பிள்ளை வீட்டுக்காரர்களும் மாமன் எப்போது வருவார் என்று கேட்கிறார்களாம். வருவார் என்று சொல்லிவைத்திருக்கிறாராம். இந்த அம்மாளுக்குத் தைரியம் அதிகமா, பயம் அதிகமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

மே 8, வியாழன்

சிஸ்டரின் பட்டியல் வந்தது. அப்பப்பா, இத்தனை கொசுவை நான் பார்த்ததில்லை. இனிஷியலுக்குப் புள்ளி, பெயருக்கு நட்சத்திரம், ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு கும்பிடும் கை. நூற்று எண்பத்தாறு கும்பிடு. ஒரு தட்டு தட்டினேன், அத்தனையும் மறைந்தது. பட்டியல் இப்போது துடைத்துவைத்த தட்டு மாதிரி இருக்கிறது.

மே 10, சனி

அக்கா கவர் ஒவ்வொன்றின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவினார். நான் விலாசச் சீட்டை ஒட்டினேன். மேலக்குளத்து அண்ணனுடைய கவரை மட்டும் அக்கா தனியாக எடுத்து, கண்ணில் ஒற்றி வைத்தார். மதியம் எல்லாவற்றையும் தபாலில் சேர்த்தோம். அனுப்புநர் இடத்தில் எங்கள் அச்சக விலாசம்.

மே 19, திங்கள்

தபால்காரர் ஒன்பது கவர்களைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். எல்லாம் அமராவதி சிஸ்டருடையவை. மேலே 'இப்படி ஒரு எண் இல்லை' என்று எழுதியிருந்தது.

விலாசம் கேட்டு வாங்கியதில் தப்பு இருக்கும். மாத்திரை வாங்க வந்தவர்களிடம் விலாசம் கேட்டால் இப்படித்தான்.

மே 21, புதன்

இன்னும் பதினேழு வந்தது. தபால்துறையில் ஆள் பற்றாக்குறை என்று பேப்பரில் படித்த ஞாபகம். அக்காவிடம் சொன்னேன். அக்கா கவர்களை ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்கி என் மேஜைக்குக் கீழே வைத்துவிட்டுப் போனார். வேறு இடமே கிடைக்கவில்லையா அவருக்கு?

மே 22, வியாழன்

பெட்டி காலில் இடித்துக்கொண்டே இருந்தது. ஒரு கவரை எடுத்துப் பார்த்தேன்.

'ப பவளக்கொடி 1431 வடக்குத் தேர் வீதி மதுரை.'

ஆயிரத்து நானூற்று முப்பத்தோராம் எண் வீடு எந்தத் தெருவில் இருக்கும்? சிஸ்டர் அனுப்பிய பட்டியலைத் திறந்து பார்த்தேன். 14/31. பழைய எண் பதினாலு, புது எண் முப்பத்தொன்று. தமிழ்நாட்டில் பாதிப் பேர் வீட்டு வாசலில் இரண்டு எண்ணையும் எழுதி நடுவில் சாய்கோடு போட்டுவைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டிலேயே அப்படித்தான் இருக்கிறது. இத்தனை வருஷமாகப் பதினொன்று பை இருபத்திரண்டு என்று நானே வாயால் சொல்லிக்கொண்டு இருக்கிறேன்.

அந்தச் சாய்கோடும் என் முப்பத்திரண்டில் ஒன்று. இரண்டு எண்ணும் ஒட்டிக்கொண்டுவிட்டது. எண்ணிப் பார்த்தேன், நூற்றுப் பதினெட்டு வீடு. கிராமத்துத் தபால்காரர்கள் பெயரைப் பார்த்தே சிலதைச் சேர்த்திருப்பார்கள். மற்றது எல்லாம் தெருத்தெருவாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

மதியத்துக்குள் புரோகிராமைச் சரிசெய்துவிட்டேன். இரண்டு எண்ணுக்கு நடுவில் சாய்கோடு வந்தால் தொடாதே, மற்ற குறிகளை எடுத்த இடத்தில் ஓர் இடைவெளி விடு. இரண்டே வரி. இனிமேல் இப்படி நடக்காது. ஆகவே விஷயம் முடிந்தது.

மே 23, வெள்ளி

விஷயம் முடிந்துவிட்டது என்று நேற்றே எழுதிவிட்டேன். மேஜையை ஜன்னல் பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டேன். வெளிச்சம் நன்றாக வருகிறது. பெட்டியும் கூடவே வந்துவிட்டது. அக்காவின் வேலை.

மே 24, சனி

பசி இல்லை. வெயில்தான் காரணம்.

மே 26, திங்கள்

இதை வரிசையாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு நானே மாற்றிச் சொல்லிவிடுவேன்.

பதினொரு மணிக்கு அமராவதி சிஸ்டர் வந்தார். யூனிஃபார்மிலேயே வந்திருந்தார். முகம் வாடியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். ஒரு சின்ன வேலை என்றார்.

"மாப்பிள்ளை வீட்டுக்குக் குடுக்க அம்பது பத்திரிகை தனியா வேணும்மா. அதுல தாய்மாமன் பேரை மட்டும் எடுத்துரலாமா? கம்ப்யூட்டர்ல ஒரு நிமிசத்து வேலைதானே?"

"ஏன் சிஸ்டர்?"

"ரெண்டு வாரமாச்சு. நூத்தி எம்பத்தாறு வீட்டுல இருந்து ஒரு போன் வரலம்மா. வரமாட்டோம்னு சொல்லக்கூட யாருக்கும் மனசு வரல. சுகந்தி கேக்குறா, எனக்குன்னு ஒருத்தர்கூட இல்லையாம்மான்னு. பெரிய மண்டபத்த விட்டுட்டு கோயில்லயே வச்சுக்கலாமான்னு யோசிக்கிறேன்."

அழவில்லை. ஆஸ்பத்திரியில் ரிசல்ட் சொல்கிற மாதிரி சொன்னார். சாய்கோடு இல்லாமல் ஒழுங்காகப் போன அறுபத்தெட்டு வீட்டுக்காரர்கள், பெரிய அண்ணன் என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் சொல்வது சரிதான், பெயரை எடுப்பது ஒரு நிமிஷ வேலை. எடுத்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. அந்த அம்மாள் மட்டும் செத்துப்போகும்வரை, மொத்தச் சொந்தமும் தன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார். அந்தப் பட்டியலை எத்தனை நாள் ஒற்றை விரலால் தட்டினாரோ! ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கும்பிடு போட்டிருக்கிறார், இருபத்தாறு வருஷத்துக்கும் சேர்த்து. நான் அதைக் கொசு என்றேன். 

மேஜைக்குக் கீழிருந்து பெட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். இன்று காலை வந்ததோடு சேர்த்து அறுபத்திமூன்று கவர்.

"அவங்களுக்குப் போய்ச் சேரவே இல்ல சிஸ்டர்" என்றேன். "கதவு நம்பர் எல்லாம் தப்பு."

ஒவ்வொரு கவராக எடுத்துப் பார்த்தார். பேச்சுச் சத்தம் கேட்டு அண்ணாச்சி மாடி ஏறி வந்தார். விஷயம் புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது.

"யாரு பாத்த வேலை இது?"

"புரோகிராம்ல ஒரு..." என்று ஆரம்பித்தேன்.

"புரோகிராம் என்ன, பஸ் ஏறித் தானா வந்து உக்காந்துச்சா?"

மாடியில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் பார்க்கவில்லை, மஞ்சள் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் அண்ணாச்சி. சாய்கோட்டை அழிக்கச் சொன்னது நான். வியாழக்கிழமையே எனக்குத் தெரியும். சொல்லாம இருந்துட்டேன். டிசம்பர்ல மெட்ராஸ்ல நடந்ததும் நான் பண்ணதுதான்" என்றேன். கடைசி விஷயத்தை என்னிடம் யாரும் கேட்கவே இல்லை. ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

அண்ணாச்சி ஒரு கவரை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மறுபடி அத்தனை கவரும் நம் செலவில் புதிதாக ஒட்டி, மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் ஆள் விட்டு நேரில் கொடுக்க வேண்டும் என்று அக்காவிடம் சொன்னார். என்னைப் பார்த்து, "நாளைக்குச் சீக்கிரம் வா" என்றார். வேலை போகவில்லை போலிருக்கிறது.

சிஸ்டர்தான் ஆச்சரியம். திட்டுவார் என்று பார்த்தால், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "அப்ப அவங்க வேண்டாம்னு சொல்லல" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

மே 27, செவ்வாய்

காலையில் சிஸ்டர் லீவு போட்டுவிட்டு வந்துவிட்டார். கவர் போய்ச் சேருவதற்கு முன்னால் ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டால் நல்லது என்றேன். மாட்டேன் என்றார்.

"போன எடுத்து, என் குரலக் கேட்டதும் வச்சிட்டாங்கன்னா? அதுக்குப் பயந்துதானேம்மா தபால்ல போட்டேன்."

"நீங்க கல்யாணத்துக்குக் கூப்பிட வேண்டாம் சிஸ்டர். மன்னிப்பும் கேக்க வேண்டாம். கதவு நம்பர் மட்டும் கேளுங்க. பிரஸ்காரி சொதப்பிட்டான்னு என்னை நல்லாத் திட்டுங்க. எவ்வளவு வேணாலும் திட்டுங்க."

அரை மணி நேரம் யோசித்தார். அக்கா ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு முதல் நம்பரை அமுக்கி, ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார். மதுரை பவளக்கொடி, அத்தை மகள்.

"பவளம், நான் அமராவதி பேசுறேன்."

பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்ததையும் சொல்லிவிட்டார்.

"ஒரு விலாசம் கேக்கத்தான் போட்டேன். உங்க வீட்டு நம்பர் என்ன?"

"பதினாலு பை முப்பத்தொண்ணு. எதுக்கு?"

"பத்திரிகை அனுப்பினேன். பிரஸ்ல ஒரு பொண்ணு ரெண்டையும் ஒட்டவச்சு, ஆயிரத்து நானூத்தி முப்பத்தொண்ணுன்னு போட்டுருச்சு."

 பிறகு அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வெடித்தது. "எங்க வீதியில மொத்தமே நாப்பது வீடுதான்டி! ஆயிரத்து நானூறுக்கு வைகையத் தாண்டிப் போகணும்! எந்தப் புத்திசாலிடி அவ?"

"இங்கதான் உக்காந்திருக்கா."

"குடு அவகிட்ட."

நாலு நிமிஷம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். எத்தனாம் கிளாஸ் படித்தேன், யார் வேலை கொடுத்தார்கள், எங்கள் வீட்டில் கதவே கிடையாதா, எல்லாம் கேட்டார். சரிக்கா, தப்புதான்க்கா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். போனை வாங்கிய சிஸ்டரிடம், "ஏன்டி, இருபத்தாறு வருசமா எங்கடி போய்த் தொலைஞ்ச?" என்று கேட்டவர் அழ ஆரம்பித்துவிட்டார். சிஸ்டரும் அழுதார். அக்கா ஏற்கெனவே ஆரம்பித்திருந்தார். எனக்குக் கண்ணில் காகிதத் தூசி.

அதற்கப்புறம் சிஸ்டரைப் பிடிக்க முடியவில்லை. மூன்று பை நூற்றுப் பன்னிரண்டு மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டாகப் போன கதையைக் கேட்டு ஒரு சித்தப்பா இருமும்வரை சிரித்தார். கோபமாக இருந்தவர்களுக்குக்கூட வீட்டு நம்பர் என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பழைய எண், புது எண், நடுவில் ஒரு எண் மாற்றினானே அது என்று ஆரம்பித்து, எப்படி இருக்கே என்றுதான் முடித்தார்கள். மூன்று பேர் மட்டும் வைத்துவிட்டார்கள். சிஸ்டர் அந்த மூன்று பெயரையும் பார்த்து, "போகட்டும், நம்பராவது சரியாத் தெரியும்ல" என்றார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு நம்பர்தான் பாக்கி இருந்தது.

"அண்ணனுக்கும் தப்பாத்தானே போயிருக்கும்?" என்று என்னைக் கேட்டார்.

எனக்கு அந்த விலாசம் மனப்பாடம். 'அழகர்சாமி பெரிய கிணற்றுத் தெரு மேலக்குளம்.' அதில் எண்ணே கிடையாது. ஊரில் பெரிய ஆள், பெயர் போதும். எண் இல்லாததால் நான் கெடுக்கவும் எதுவும் இல்லை. திரும்பி வந்த கவர்களில் அது இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

"எல்லாருக்கும் தப்பாத்தான் போயிருக்கும் சிஸ்டர்" என்றேன்.

போன் மணி ரொம்ப நேரம் அடித்தது. "யாரு?" என்றது ஒரு கட்டைக் குரல்.

"அண்ணே, அமராவதி. பத்திரிகை வந்துச்சான்னு கேக்கத்தான்... பிரஸ்ல எல்லார் விலாசத்தையும் தப்பாப் போட்டுட்டாங்க. உங்களுக்கும் வந்திருக்காதுன்னு..."

நாங்கள் மூன்று பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு மாடு கத்தியது.

"வரல" என்றது குரல். பிறகு மெதுவாக, "அதான் வரல. வந்திருந்தா தெரியாதா?"

"எட்டாந்தேதி ஞாயித்துக்கிழமைண்ணே."

"ம்."

"சுகந்திக்கு."

"சரி, வைக்கிறேன்."

வைத்துவிட்டார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. சிஸ்டர் போனைக் கைக்குட்டையால் துடைத்தார். "பேரை எடுக்க வேண்டாம்மா. அப்படியே இருக்கட்டும்" என்றார்.

மே 30, வெள்ளி

நூற்றுப் பதினெட்டுக் கவரும் சரியான எண்ணோடு போய்ச் சேர்ந்துவிட்டது. மதுரைக்கு நானே பஸ்ஸில் போய்க் கொடுத்தேன். பவளக்கொடி அக்கா வாசலில் நிற்கவைத்து இரண்டு எண்ணையும் காட்டி, "இது பதினாலு, இது முப்பத்தொண்ணு, நடுவுல இருக்குறது கோடு" என்று பாடம் எடுத்துவிட்டு, இட்லி கொடுத்தார். எட்டு இட்லி. வேண்டாம் என்று சொல்கிற நிலைமையில் நான் இல்லை.

ஜூன் 5, வியாழன்

மேலக்குளத்திலிருந்து சேதி எதுவும் இல்லையாம். மண்டபத்தை மாற்றவில்லை, கேன்சல் செய்யவும் இல்லை. எனக்கென்ன, என் வேலை முடிந்துவிட்டது. இதோடு இன்று நான்காவது தடவை சிஸ்டருக்குப் போன் போட்டுவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

எனக்குக் கல்யாண வீடு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிப் பார்த்தேன். அக்கா கேட்கவில்லை, விடியற்காலையே வாசலில் வந்து நின்றுவிட்டார்.

எட்டு மணிக்கே மண்டபம் நிறைந்துவிட்டது. வரவேற்புப் பக்கம் ஏழெட்டுப் பெரியவர்கள் கூடி நின்று, உங்களுக்கு எவ்வளவு போட்டா, எனக்கு ஆறாயிரத்து எழுபத்தேழு போட்டா என்று ஒருத்தரை ஒருத்தர் மிஞ்சப் பார்த்தார்கள். பவளக்கொடி அக்கா என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய், "இவதான், இவதான்" என்று எல்லாருக்கும் காட்டினார். இத்தனை பேர் சேர்ந்து திட்டி நான் சந்தோஷமாக இருந்தது இதுதான் முதல் தடவை.

முகூர்த்தம் ஒன்பதரை. ஒன்பது மணிக்கு மாப்பிள்ளையின் அப்பா பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். "மாமன் மாலை போட்டுத்தானே பொண்ண மேடைக்குக் கூட்டிட்டு வரணும்? எங்கம்மா ஆளு?" என்றார் நல்ல மாதிரியாகவே. சிஸ்டர், வந்துகிட்டு இருக்கார் என்றார். ஒன்பது பத்துக்கும் வந்துகொண்டிருக்கிறார் என்றார். பெண் அறையில் சுகந்தி கழுத்தில் மாலை இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். சிஸ்டர் வாசலுக்கும் அறைக்கும் நடந்து நடந்து, கடைசியில் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் ஒரு பொய் சொல்லி இந்த அம்மாளை இங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டேன், அண்ணனுக்குப் பத்திரிகை அன்றைக்கே கிடைத்தது, அவர் வேண்டாம் என்று முடிவு செய்து ஒரு மாசமாகிறது என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.

ஒன்பது இருபதுக்கு இரண்டு வேன் வந்து நின்றது. முதல் வேனிலிருந்து ஏழெட்டுத் தாம்பாளம் இறங்கியது. பழம், பட்டு, தேங்காய், பூ. அதற்கப்புறம் பெண்கள் இறங்கினார்கள். கடைசியாக, ஒரு ரோஜா மாலையை வாழை இலையில் சுற்றி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, வெள்ளை வேட்டி சட்டையில் உயரமாக ஒருவர். சிஸ்டர் ஓடவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. அவரும் அழவில்லை. "பொண்ணு எங்க? நேரமாகுது" என்றார். இருபத்தாறு வருஷத்துக்கு அவ்வளவுதான். சிஸ்டர் தூணை விட்டுவிட்டு முன்னால் நடந்தார், அவர் பின்னால் போனார்.

மாமன் மாலையோடு சுகந்தி மேடைக்கு வந்தபோது அக்கா என் தோளில் சாய்ந்து விசும்பினார். என் கண்ணிலும் நிறைய வந்தது. தூசி என்று எழுத இன்று மனமில்லை.

தாலி கட்டி முடிந்ததும் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு அண்ணன் முன்னால் நிறுத்தினார். "இதுதாண்ணே அந்தப் பொண்ணு." சுற்றிலும் சொந்தக்காரர்கள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, எங்க வீட்டுக்கும் பத்திரிகை வந்து சேர விடாமப் பண்ணிட்டியே" என்றார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக. "வந்திருந்தா நான் மொத நாளே வந்திருக்க மாட்டனா?"

மெல்லிய வெள்ளைச் சட்டை. பையில் மடித்து வைத்த கவர் துணிக்குள்ளே தெரிந்தது. நான் ஒட்டிய விலாசச் சீட்டு. மேலே நீட்டிக்கொண்டிருந்த மூலையில் அக்கா தடவிய மஞ்சள். எத்தனை தடவை எடுத்துப் படித்தாரோ, மடிப்பு நைந்துபோயிருந்தது. நான் அதைப் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். அவர் கை தானாகப் பைமேல் போய் உட்கார்ந்தது. கண்ணில் ஒரு கெஞ்சல் இருந்தது. அத்தனை பெரிய மனுஷன்.

"மன்னிச்சுக்கோங்கய்யா" என்றேன். "உங்க விலாசத்தையும் நான்தான் தப்பாப் போட்டேன். முழுக்க என் தப்பு."

"சரி சரி. சின்னப் புள்ள. விடுங்கப்பா" என்று சுற்றி நின்றவர்களிடம் சொன்னார். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தி, "சாப்ட்டியா தாயி?" என்றார்.

இல்லை என்றேன். என் கையைப் பிடித்துப் பந்திக்கு அழைத்துப் போய், தன் பக்கத்து இலையில் உட்காரவைத்தார்.